கம்பத்திலிருந்து கப்பலேறியவர்

கேள்வி: எங்கள் ஊர் கம்பம். பாட்டிக்கு இப்போது 88 வயது. அவருடைய தாத்தாவுக்கு ஓர் அண்ணன் இருந்தாராம். தாது வருசப் பஞ்சத்தில் ‘மொரீசு’க்குக் கப்பலேறியவர், திரும்பவே இல்லை. ஆடி அமாவாசைக்குச் சுருளியில் எள்ளும் தண்ணீரும் விடும்போது அவர் பெயரையும் சேர்த்துச் சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். “பாய்மரக் கப்பல்ல ஆட்டு மந்தை மாதிரி அடைச்சுக் கொண்டுபோனாகளாம், பாதிப் பேரைக் கடல்லயே தூக்கிப் போட்டுட்டாகளாம்” என்பார் பாட்டி. மலையையும் ஆற்றையும் தவிர வேறெதையும் பார்த்திராத ஒருவர் அந்தக் கப்பலில் எப்படி நாளைக் கழித்திருப்பார்? எங்கே படுத்தார், என்ன சாப்பிட்டார்? அவர் போய்ச் சேர்ந்தாரா என்று இன்றைக்குக் கண்டுபிடிக்க வழி உண்டா?

— வாசகி, கம்பம்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வழி உண்டு. அவர் மொரீசியசுக்கோ தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கோ போயிருந்தால் அவர் பெயரை ஏதோ ஒரு பேரேட்டில் ஓர் எழுத்தர் எழுதியிருப்பார். அதைத் தேடுவது எப்படி என்று முடிவில் சொல்கிறேன். அதற்கு முன்னால் அவரோடு கொஞ்ச தூரம் போய்வருவோம். அந்தக் கப்பல் எப்படிப்பட்டது என்று தெரியாமல் பேரேட்டைப் பார்த்தால் அது வெறும் பெயர்ப் பட்டியலாகத்தான் தெரியும்.

ஒன்றை மட்டும் முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பஞ்சத்தில் மதுரைச் சீமையிலிருந்து கிளம்பியவர்களில் ஏராளமானோர் போனது இலங்கையின் கண்டிச் சீமைக்குத்தான். தோணியில் மன்னார்க் கரையேறி, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். அந்தப் பயணத்தில் கடல் சிறிது நேரம்தான். ஆளைக் கொன்றது காட்டு வழி. உங்கள் வீட்டில் ‘கண்டி’ என்று சொல்லாமல் இத்தனை தலைமுறையாக ‘மொரீசு’ என்றே சொல்லி வருகிறீர்கள். வீட்டுப் பேச்சில் ஊர்ப் பெயர்கள் லேசில் மாறுவதில்லை. ஆகவே அந்தச் சொல்லை நம்பியே எழுதுகிறேன். ஆனால் கரும்புத் தோட்டம் என்றாலே மொரீசு என்று சொன்னவர்களும் இருந்திருக்கலாம், நேட்டாலையும் மனதில் வையுங்கள்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் 1834-ல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. மொரீசியசில் அது 1835 பிப்ரவரி 1-ல் நடைமுறைக்கு வந்தது. கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே என்று தோட்டக்காரர்கள் இந்தியாவைப் பார்த்தார்கள். கல்கத்தாவிலிருந்து 36 பேரோடு ‘அட்லஸ்’ என்ற கப்பல் 1834 நவம்பர் 2 அன்று போர்ட் லூயி துறைமுகத்தை அடைந்தது. அதற்குப் பிறகு அந்தச் சின்னத் தீவுக்கு மட்டும் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் போனார்கள். நேட்டாலுக்கு முதல் கப்பல் சென்னையிலிருந்துதான் புறப்பட்டது. ‘ட்ரூரோ’ என்று பெயர். 1860 அக்டோபர் 13-ல் கிளம்பி நவம்பர் 16-ல் டர்பன் சேர்ந்தது. 1911 வரை நேட்டாலில் இறங்கியவர்கள் 1,52,184 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் ஏறியவர்கள்.

உங்கள் முன்னோர் கிளம்பிய 1877 வாக்கில் கம்பம் பள்ளத்தாக்கு இன்றிருப்பது போல இல்லை. முல்லைப் பெரியாற்று அணை திறக்கப்பட்டது 1895-ல்தான். அதற்கு முன் சுருளியாற்றுப் பாசனம் எட்டிய இடத்தில் நெல், எட்டாத இடமெல்லாம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் அந்த மேட்டு நிலத்துக்காரருக்கு வேறு கதியில்லை. உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி, ஆண்டிபட்டிக் கணவாய், உசிலம்பட்டி என்று மதுரை வரை நடந்திருப்பார். மதுரைக்கு அதற்கு ஓரிரு வருடம் முன்புதான் ரயில் வந்திருந்தது. பஞ்சகாலத்தில் அந்த ரயில் தானியத்தை ஏற்றிப் போனது, ஆட்களையும் ஏற்றிப் போனது.

சென்னையில் ‘டிப்போ’ என்று ஒரு வளாகம். கப்பல் நிரம்பும் வரை அங்கே தங்க வேண்டும். டாக்டர் உடம்பைப் பார்ப்பார். அதிகாரி ஒருவர் “உன் சம்மதத்தோடுதான் போகிறாயா?” என்று கேட்பார். எந்த ஊர், எவ்வளவு தூரம், என்ன வேலை என்று எல்லாம் விளங்கித்தான் ‘ஆமாம்’ என்று சொன்னார்களா என்பது வேறு விஷயம். பசித்த வயிறு சொல்லும் ஆமாமுக்கு என்ன பொருள்? மொரீசியஸ் ஒப்பந்தம் ஐந்து வருடம். கூலி மாதம் ஐந்து ரூபாய், அதற்கு மேல் அரிசி பருப்பு.

அப்போது சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கட்டும் வேலை 1875-ல் தொடங்கி நடந்துகொண்டிருந்தது. கப்பல்கள் கரைக்கு வராமல் ஆழத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். கரையிலிருந்து அங்கே போக மசூலா படகுதான். அந்தப் படகில் ஓர் ஆணி கூட இருக்காது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடிக்கும்போது ஆணி அறைந்த படகு உடையும், தைத்த படகு நெளிந்து கொடுக்கும். ஒன்றன்பின் ஒன்றாக உடைந்து வரும் அலைவரிசைகளைத் தாண்டித்தான் கப்பலுக்குப் போக முடியும். சுருளி அருவியில் குளித்தவருக்குக் கடல் முதன்முதலாக அறிமுகமானது இப்படித்தான். நெளிகிற பலகை மேல் உட்கார்ந்து, முகத்தில் உப்புத் தண்ணீர் அறைய, துடுப்புக்காரர்களின் கூச்சல் காதில் விழ.

இனிக் கப்பல். நீராவிக் கப்பல்கள் அப்போது வந்துவிட்டன, சூயஸ் கால்வாயும் 1869-ல் திறந்தாயிற்று. ஆனாலும் பாய்மரக் கப்பல் ஓய்ந்துவிடவில்லை. நிலக்கரி வாங்க வேண்டியதில்லை, காற்று இலவசம். அவசரமில்லாத சரக்குக்கும் கூலியாட்களுக்கும் அதுவே போதும் என்று வணிகர்கள் நினைத்தார்கள். ஜேம்ஸ் நோர்ஸ் என்ற லண்டன் கப்பல் முதலாளி, ‘கங்கை’, ‘யமுனை’, ‘சிந்து’ என்று ஆறுகளின் பெயர் சூட்டிய இரும்புப் பாய்மரக் கப்பல்களைக் கட்டி, நூற்றாண்டின் கடைசி வரை தொலைதூரத் தீவுகளுக்கு ஆள் ஏற்றினார்.

இவை எல்லாமே அடிப்படையில் சரக்குக் கப்பல்கள். இதைப் புரிந்துகொண்டால் பாட்டி சொன்ன ‘ஆட்டு மந்தை’ என்ற சொல் விளங்கும். அடியறையில் அரிசி மூட்டை. அதற்கு மேலே, மேல்தளத்துக்குக் கீழே, இடைத்தளம். மற்ற நாட்களில் அங்கேயும் சரக்குதான் அடுக்குவார்கள். ஆள் ஏற்றும்போது அதைக் கூட்டிக் கழுவி, காற்றுப் போக வழி செய்து, மனிதர்களை இறக்குவார்கள். சட்டத்தில் அளவு இருந்தது. பெரியவர் ஒருவருக்கு 12 சதுர அடி, கன அளவில் 72 அடி. அதாவது ஆறடி நீளம், இரண்டடி அகலம், ஆறடி உயரம். உங்கள் வீட்டுக் கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள், அதைவிடக் குறுகல். மனிதருக்குக் கன அடிக்கணக்கில் இடம் அளந்தது ஒரு வணிகக் கணக்கு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த அளவும் இல்லாத காலத்தில் நடந்ததை நினைத்தால், அந்தச் சட்டம் எத்தனையோ உயிரைக் காத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தனி ஆண்கள் முன்புறமான அணியத்துப் பக்கம், குடும்பங்கள் நடுவில், தனியாக வந்த பெண்கள் பின்புறமான அமரத்துப் பக்கம் என்று பிரித்துப் படுக்க வைப்பார்கள். பெண்களைக் கப்பல்காரர்களிடமிருந்து காப்பாற்ற என்று செய்த ஏற்பாடு இது. காப்பாற்றியதா என்றால், எல்லாக் கப்பலிலும் இல்லை. மாலுமிகளும் அதிகாரிகளும் பெண்களிடம் அத்துமீறியதாக விசாரணைகள் நடந்திருக்கின்றன. விசாரணைக்கு வராமல் போனவை எத்தனை என்பதைக் கடலிடம்தான் கேட்க வேண்டும்.

முதல் சில நாட்கள் குமட்டல். படுத்தவர் எழ மாட்டார், சோறு இறங்காது. பிறகு உடம்பு கப்பலின் ஆட்டத்துக்குப் பழகும். பழகியதும் நாளுக்கு ஓர் ஒழுங்கு வந்துவிடும். விடிந்ததும் எல்லோரையும் மேல்தளத்துக்கு ஏற்றிவிட்டு, கீழ்த்தளத்தைச் சுரண்டித் துப்புரவு செய்வார்கள். ‘தோப்பாசு’ என்று அழைக்கப்பட்ட துப்புரவாளர்களின் வேலை அது. அவர்களும் கப்பலேறியவர்களிலிருந்தே எடுக்கப்பட்டவர்கள்தான். குளியலுக்குக் கடல் தண்ணீர். உடம்பில் உப்புப் பூக்கும், அரிக்கும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தருவது விதிமுறையிலேயே இருந்தது. குடிக்க நல்ல தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு காலன், ஏறத்தாழ நாலரை லிட்டர். அது மரப்பீப்பாயில் இருக்கும். நாளாக ஆக நிறமும் மணமும் மாறும். பிற்காலக் கப்பல்களில் கடல் தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் எந்திரமும் வைக்கச் சொன்னார்கள்.

சமையல் மேல்தளத்தில். அங்கே அடுப்பு, பெரிய பெரிய கொப்பரைகள். ஒரு நாளைக்கு இரண்டு வேளைச் சாப்பாடு. அரிசி, பருப்பு, கொஞ்சம் நெய், கருவாடு, புளி, மிளகாய், மஞ்சள், வெங்காயம். இடையிடையே ஆடு, கப்பலிலேயே உயிரோடு கட்டியிருப்பார்கள். வரிசையாக உட்காரவைத்துத் தகரத் தட்டில் போடுவார்கள். தாது வருடத்தில் பட்டினியைப் பார்த்து வந்தவருக்கு இரண்டு வேளைச் சோறு என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எண்ணிப் பாருங்கள். கூடவே ஒன்று. ஊரில் ஒரே பந்தியில் உட்காராத சாதிகள் கப்பலில் ஒரே கொப்பரைச் சோற்றைத் தின்றார்கள். சாதி கடலில் கரைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கப்பல் பட்டியலில் சாதிக்குத் தனிக் கட்டம் இருந்தது, கரையேறிய பிறகும் அது தொடர்ந்தது. ஆனால் அந்த ஐந்தாறு வாரம் பக்கத்தில் படுத்தவரோடு உண்டான உறவு, பலருக்குச் சொந்த ரத்த உறவுக்கு ஈடாகவே கடைசிவரை நின்றது.

புயல் வந்தால்தான் எல்லாம் தலைகீழ். அடுப்பு மூட்ட முடியாது, வறட்டு பிஸ்கோத்துதான். தளத்து வாசல்களைப் பலகையால் மூடி அடைத்துவிடுவார்கள். கீழே இருட்டு. வாந்தி, வியர்வை, கப்பலின் அடியில் தேங்கிய தண்ணீரின் நாற்றம். மேலே என்ன நடக்கிறது என்று தெரியாது. மரம் முனகும் சத்தமும் மாலுமிகள் ஓடும் சத்தமும் மட்டும் கேட்கும். வடகிழக்குக் காற்றைப் பிடித்துத் தெற்கே இறங்கும் கப்பல், நிலநடுக்கோட்டை ஒட்டிக் காற்றே இல்லாத பட்டையில் சிக்கி நாட்கணக்கில் அசையாமல் நிற்பதும் உண்டு. பாய் தொங்கும், கடல் எண்ணெய்போல் கிடக்கும், வெயில் தளத்தை வறுக்கும். அதைத் தாண்டினால் தென்கிழக்குக் காற்று ஒரே சீராக வீசும், மொரீசியஸ் வரை கொண்டு சேர்க்கும். சென்னையிலிருந்து மொரீசியசுக்குப் பாய்மரத்தில் ஐந்து ஆறு வாரம். மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனவர்களுக்கு மூன்று மாதத்துக்கு மேல்.

பாயை ஏற்றி இறக்கியவர்களிலும் நம் நாட்டவர் உண்டு. லஸ்கர்கள் என்ற இந்திய மாலுமிகள். அவர்களுக்குத் தலைவர் சாரங்கு, அடுத்தவர் தண்டல். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை முறை மாறும், மணி அடிக்கும். அமரத்தில் ஒரு மாலுமி முடிச்சுப் போட்ட கயிற்றைக் கடலில் விடுவார். மணல் கடிகாரம் தீருவதற்குள் எத்தனை முடிச்சு கையைத் தாண்டியது என்று எண்ணிக் கப்பலின் வேகத்தைச் சொல்வார்கள். இன்றைக்கும் கடல் வேகத்தை ‘நாட்’ என்று சொல்வது அந்த முடிச்சிலிருந்து வந்ததுதான். மேல்தளத்தில் சும்மா உட்கார்ந்திருந்த நம்மவர் இதையெல்லாம் தினமும் பார்த்திருப்பார். மாலையில் மேளம் அடிக்கலாம், பாடலாம், மல்யுத்தம் செய்யலாம். மனம் சோர்ந்தால் நோய் முந்தும் என்று கப்பல் டாக்டர்களுக்குத் தெரிந்திருந்ததால் அவர்களே இதை ஊக்குவித்தார்கள். அந்த டாக்டருக்குச் சம்பளம், உயிரோடு கரையிறக்கிய ஆளுக்கு இவ்வளவு என்ற கணக்கில். கேட்கக் கசப்பாக இருக்கும். ஆனாலும் பல பேர் பிழைத்ததற்கு அந்தக் கணக்கும் ஒரு காரணம்.

‘பாதிப் பேரைக் கடலில் போட்டார்கள்’ என்பதற்கு வருகிறேன். பெரும்பாலான கப்பல்களுக்கு அது பொருந்தாது, சில கப்பல்களுக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும். காலரா, சீதபேதி, அம்மை மூன்றும்தான் பெரிய எமன்கள். 1856-57-ல் கல்கத்தாவிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போன கப்பல்களில் நூற்றுக்கு 17 பேர் வழியிலேயே இறந்தார்கள். 1856 தொடக்கத்தில் மொரீசியசுக்கு வந்த இரண்டு கப்பல்களில் காலரா. அவர்களை ஊருக்குள் விடாமல் கேப்ரியல் என்ற சிறு தீவில் இறக்கினார்கள். போதிய கூரையும் இல்லை, மருந்தும் இல்லை. ஏறத்தாழ 700 பேரில் 280-க்கும் மேல் மாண்டுபோனார்கள். கரை கண்ணுக்குத் தெரிய, கரையேறாமல் செத்தார்கள். இந்தியாவில் பெரும் கொதிப்பு எழுந்து மொரீசியசுக்கு ஆள் அனுப்புவதையே அரசு சிறிது காலம் நிறுத்தியது. அதன் பிறகு விதிகள் இறுகின, சாவுகள் குறைந்தன. சென்னை வழி குறுகியது என்பதும் ஒரு நல்வாய்ப்பு. ஆகவே உங்கள் முன்னோர் போய்ச் சேர்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

அப்படியானால் ஏன் திரும்பவில்லை? மொரீசியசில் இலவசத் திரும்பு பயணத்தை 1850-களிலேயே நிறுத்திவிட்டார்கள். ஐந்து ரூபாய்க் கூலியில் கப்பல் கட்டணம் சேர்ப்பது எளிதல்ல. நேட்டாலில் பத்து வருடம் முடித்தால் இலவசம் என்றிருந்தும், பாதிக்கு மேற்பட்டவர்கள் அங்கேயே தங்கினார்கள். 1871-ல் ‘ரெட் ரைடிங் ஹூட்’ என்ற கப்பலில் சென்னை திரும்பியவர்கள், கூலியைப் பிடித்துக்கொண்டதையும் சவுக்கால் அடித்ததையும் அதிகாரிகளிடம் வாய்விட்டுச் சொன்னார்கள். அதன் விளைவாகவே நேட்டாலில் 1872-ல் விசாரணைக் குழு அமைந்தது. திரும்பாத எல்லோரும் இறந்தவர்கள் என்று எண்ண வேண்டாம். உங்கள் பாட்டியின் தாத்தாவுக்கு அங்கே அண்ணன் பிள்ளைகள் பிறந்து, அவர்களின் வழியினர் இன்று தைப்பூசக் காவடி எடுத்துக்கொண்டிருக்கலாம். மொரீசியசில் தைப்பூசம் அரசு விடுமுறை.

இனித் தேடும் வழி. மொரீசியசில் மோக்கா என்ற ஊரில் மகாத்மா காந்தி நிறுவனம் இருக்கிறது. இந்தியாவிலிருந்து வந்தவர்களின் பேரேடுகள் அங்கே பாதுகாப்பில் உள்ளன. 1860-களுக்குப் பிறகு பலருக்குப் புகைப்படமும் எடுத்து வைத்தார்கள். அவர் முகத்தையே பார்க்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்கலாம். நேட்டால் கப்பல் பட்டியல்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன, கணினியிலும் ஏற்றியிருக்கிறார்கள். சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அந்தக் கால அரசுக் கோப்புகள் இருக்கின்றன.

தேடும்போது ‘தேனி’ என்று தேடாதீர்கள். தேனி மாவட்டம் உருவானது 1996-ல். அன்றைக்கு உங்கள் ஊர் மதுரை ஜில்லா, பெரியகுளம் தாலுகா. ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், ஒரே ஊர் பத்து விதமாக இருக்கும். இன்னொரு பொறியும் உண்டு. ஆந்திரத்தில், அன்றைய கர்நூல் ஜில்லாவில், பெரிய ஏரியோடு ஒரு கம்பம் இருக்கிறது. அதற்கும் ஆங்கிலத்தில் அதே எழுத்துதான். தெலுங்குச் சீமையிலிருந்தும் ஏராளமானோர் கப்பலேறியதால் ‘கம்பம்’ என்று கண்டதும் மகிழ்ந்துவிடாமல் ஜில்லா எது என்று பாருங்கள்.

பெயர் மட்டும் போதாது. முத்துசாமியும் ராமசாமியும் பக்கத்துக்குப் பக்கம் வருவார்கள். பட்டியலில் தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், கிராமம் எல்லாம் இருக்கும். ஆகவே இந்த வாரமே பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த அண்ணனுடைய தகப்பன் பெயரையும் வீட்டில் அழைத்த பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உடம்பில் தழும்போ மச்சமோ இருந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறாரா என்றும் கேளுங்கள். அந்தப் பட்டியலில் அதற்கும் ஒரு கட்டம் உண்டு.